பலாக்கொட்டைப் புரதமும் ஒரு துளி சீனியும்

திருகோணமலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "இறுதியாண்டு ஆய்வுக்குப் பலாக்கொட்டை லெக்டினை எடுத்திருக்கிறேன். அதை வெல்லத்தோடு சேர்த்துப் பளிங்காக்கி அமைப்பைப் பார்க்க ஆசை. புரதத்தை முதலில் பளிங்காக்கிவிட்டு அப்புறம் வெல்லத்தைச் சேர்ப்பதா, முதலிலேயே இரண்டையும் கலந்துவிடுவதா? இங்கே இருந்துகொண்டு இதைச் செய்து முடிக்கலாமா?"

முதலிலேயே கலவுங்கள், தங்கச்சி. பளிங்கு வரைக்கும் திருகோணமலையில் செய்யலாம், அந்தப் பளிங்கில் எக்ஸ்-கதிரை விட்டு அமைப்பைப் பார்க்கத்தான் வெளியே போகவேண்டும். இவ்வளவுதான் பதில். ஆனால் இந்த வேலையில் பளிங்கைக் கண்டதும் பாதிப்பேர் பொங்கல் பொங்கிவிடுகிறார்கள். அந்தப் பளிங்குக்குள் வெல்லம் இருக்கிறதா என்று பிறகுதான் யோசிக்கிறார்கள். நானும் அப்படிப் பொங்கியவன்தான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம். நம் பாடப்புத்தகத்தில் பளிங்கு, வெல்லம் என்று இருப்பதைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் படிகம், சர்க்கரை என்று எழுதும். தேடிப் படிக்கும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். வீட்டில் தேத்தண்ணிக்குப் போடுவது சீனி. அது சுக்குரோசு. உங்கள் லெக்டினுக்கு வேண்டியது கலக்டோசு.

லெக்டின் என்பது வெல்லத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதை வெட்டவோ மாற்றவோ செய்யாத புரதம். கலங்களின் மேற்பரப்பில் வெல்லச் சங்கிலிகள் தொங்குகின்றன அல்லவா, அவற்றை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். கொள்ளில் இருக்கும் லெக்டின் ஏ1 இரத்தத்தையும் ஏ2 இரத்தத்தையும் பிரித்துக் காட்டும். பலாக்கொட்டையில் இருக்கும் ஜாகலின், நம் இரத்தத்திலுள்ள ஐஜிஏ1 என்ற பிறபொருளெதிரியைப் பிடிக்கும். அதைப் பிரித்தெடுக்க ஜாகலின் ஒட்டிய மணிகளை ஆய்வுகூடங்களில் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். பலாக்கொட்டைக் கறி சாப்பிட்ட யாரும் இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம், நம் வீட்டில் அதை நன்றாக அவித்துத்தானே சமைக்கிறோம்.

இந்தத் துறையின் தொடக்கமே ஒரு பளிங்குதான். அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர் 1919இல் ஓர் அவரைக்கொட்டையிலிருந்து கான்கனவாலின் ஏ என்ற புரதத்தைப் பளிங்காக எடுத்தார். அந்த அவரை நம் வாளவரைக்கு நெருங்கிய உறவு. நிலாவெளிக் கரையில் அடம்பன்கொடியோடு சேர்ந்து மணலில் படரும் ஊதாப்பூ அவரையும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அதன் லெக்டினையும் பிரேசில்காரர்கள் வெல்லத்தோடு சேர்த்துப் பளிங்காக்கியிருக்கிறார்கள். சம்னர் பதினேழு வயதில் வேட்டை விபத்தொன்றில் இடது கையை இழந்தவர். அதற்கு முன் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஒற்றைக் கையோடுதான் 1926இல் யூரியேசு என்ற நொதியையும் பளிங்காக்கினார், 1946இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். கான்கனவாலின் வெல்லத்தைப் பிடிக்கிறது என்பதை அவரும் சக ஆய்வாளர் ஹவலும் 1936இல் காட்டினார்கள்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் கதை இதற்கு அப்புறம்தான் வருகிறது. கான்கனவாலின் ஏயின் அமைப்பு 1972இல் வெளிவந்துவிட்டது. மனோசு என்ற வெல்லம் சேர்ந்த அதன் அமைப்பு ஒழுங்காக வெளிவந்ததோ 1989இல்! நடுவில் பதினேழு வருடம். வெல்லமில்லாத பளிங்கு கையில் இருந்தது, வெல்லமும் கடையில் கிடைத்தது, பிறகு ஏன் இவ்வளவு காலம்? பளிங்கை வெல்லக் கரைசலில் ஊறவைத்தால் வெடித்துப் போனது. வெல்லம் வந்து உட்காரும்போது புரதம் கொஞ்சம் நெளியும். பளிங்கின் அடுக்கு அந்த நெளிவைத் தாங்காது. இன்னொரு சங்கடமும் நடந்தது. அயடின் சேர்ந்த ஒரு குளுக்கோசுச் சேர்மத்தை ஊறவைத்துப் பார்த்தபோது அது ஓர் ஆழமான குழிக்குள் தெரிந்தது. வெல்லத்தின் இடம் இதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு பார்த்தால் அந்தக் குழிக்குள் ஒட்டியிருந்தது சேர்மத்தின் எண்ணெய்த்தன்மையான வளையம். வெல்லத்தின் உண்மையான இடம் அங்கிருந்து வெகு தூரம். கெட்டிக்காரர்களுக்கே இப்படி.

ஆகவே ஊறவைப்பதா, கூடவே பளிங்காக்குவதா என்பதில் என் பக்கம் தெளிவு. ஊறவைப்பது தவறான முறை என்று சொல்லவில்லை. புரதப் பளிங்கில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர், அதன் வாய்க்கால்கள் வழியே சின்ன வெல்லம் தாராளமாகப் போகும். நல்ல பளிங்கு ஏற்கனவே கையில் இருந்து, பத்து வெவ்வேறு வெல்லங்களைப் பார்க்கவேண்டுமென்றால் ஊறவைப்பதுதான் மலிவு. ஆனால் பிடிக்கும் இடத்தைப் பளிங்கில் பக்கத்துப் புரத மூலக்கூறு தோளால் அடைத்துக்கொண்டு நின்றால் எவ்வளவு ஊறவைத்தும் பயனில்லை. கையில் ஒரு பளிங்கும் இல்லாத உங்களுக்கு, முதலிலேயே கலந்து வைத்தால் புரதம் வெல்லத்தோடு எப்படி நிற்க விரும்புகிறதோ அப்படியே அடுக்கும்.

எவ்வளவு வெல்லம்? இதில்தான் பலர் கஞ்சத்தனம் பிடிக்கிறார்கள். லெக்டின் தனி வெல்லத்தைப் பிடிக்கும் பிடி மிகவும் மெலிது. கான்கனவாலினும் மீதைல் மனோசைட்டும் என்றால் பிரிகை மாறிலி, அதாவது பாதி இடங்கள் நிறையத் தேவையான தனி வெல்லச் செறிவு, ஏறத்தாழ 0.12 மில்லிமோலர். பளிங்காக்க மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் புரதம் வைப்பது வழக்கம். கான்கனவாலினின் ஓர் அலகு 25,500 டால்டன், ஆகவே அது 0.4 மில்லிமோலர். "புரதத்தைவிடக் கொஞ்சம் கூட" என்று 0.5 மில்லிமோலர் வெல்லம் போட்டால் கணக்கு என்ன சொல்கிறது? மூன்றில் இரண்டு இடம்தான் நிறையும். மீதி காலி. பளிங்கு வரும், ஆனால் எக்ஸ்-கதிர்த் தரவிலிருந்து வரையும் இலத்திரன் அடர்த்தி வரைபடத்தில் வெல்லம் மங்கலாகத் தெரியும், நீங்கள் அதைத் தண்ணீர் என்று எண்ணுவீர்கள். 5 மில்லிமோலர் போட்டால் 97 வீதம் நிறைந்துவிடும். ஜாகலினுக்கும் 10 மில்லிமோலர் அளவில் தொடங்குங்கள், தவறாது.

எந்த வெல்லம் என்பதும் முக்கியம். வெறும் கலக்டோசைக் கரைத்தால் அதில் மூன்றிலொரு பங்கு ஆல்பா வடிவம், மீதி பெரும்பாலும் பீற்றா, ஒன்று மற்றதாக மாறிக்கொண்டே இருக்கும். ஜாகலினுக்குப் பிடித்தது ஆல்பா. மீதைல் ஆல்பா கலக்டோசைட்டு வாங்கினால் அந்த மீதைல் முனை வடிவத்தைப் பூட்டிவைத்திருக்கும். விலை கூடத்தான், ஆனால் ஒரு கிராம் உங்கள் ஆய்வு முழுவதற்கும் போதும். கிளைவிட்ட பெரிய வெல்லச் சங்கிலிகளை ஆரம்பத்தில் தொடாதீர்கள். ஜாகலினுக்கு நான்கு கை, கிளைச் சங்கிலிக்கும் பல முனை, ஒன்றையொன்று கோர்த்துக்கொண்டு துளி திரைந்த பால் மாதிரி ஆகிவிடும்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விஜயன் அவர்களின் குழு 1996இல் ஜாகலினின் அமைப்பை வெளியிட்டது இந்த மீதைல் ஆல்பா கலக்டோசோடுதான், 2.43 ஆங்ஸ்ட்ரொம் நுணுக்கத்தில். அந்த அமைப்பை நீங்கள் முதலில் கணினியில் திறந்து பார்க்கவேண்டும். புரதத் தரவு வங்கியில் இலவசம், குறியீடு 1-ஜே-ஏ-சி. வெல்லம் உட்காரும் இடத்துக்குப் போங்கள். நீளச் சங்கிலியின் முதல் அமினோ அமிலமான கிளைசீன், தன் நேரேற்ற முனையை நீட்டிக்கொண்டு கலக்டோசின் பக்கத்தில் நிற்கும். அதைச் சுற்றி தைரோசீன், திரிப்தோபன், அசுபாட்டிக் அமிலம் எல்லாம் இருக்கும். வளையங்களில் ஒன்று வெல்லத்தின் முகத்தோடு முகம் வைத்து, அடுக்கிய தட்டுக்கள் மாதிரிப் படிந்திருக்கும்.

அந்தக் கிளைசீன் முனை வந்த வழி அழகானது. பலாக்கொட்டை இந்தப் புரதத்தை ஒரே சங்கிலியாகச் செய்து, பிறகு வெட்டுகிறது. 133 அமினோ அமிலம் ஒரு துண்டு, 20 மற்றத் துண்டு. வெட்டியதால்தான் கிளைசீனுக்கு அந்தச் சுதந்திரமான முனை. அந்த வெட்டு விழாத புரதத்தைப் பற்றீரியாவில் செய்தால் கலக்டோசைப் பிடிக்கும் பலம் குறைந்துவிடுகிறது. அதாவது மரபணுக் கருவியெல்லாம் உள்ள பெரிய ஆய்வுகூடத்தைவிடச் சந்தையில் வாங்கிய பலாக்கொட்டை உங்களுக்கு மேல்! திருகோணமலையில் முடியுமா என்ற கேள்விக்கு இது பாதிப் பதில்.

சரி, தூய்மையாக்கல். கொட்டையின் வெள்ளைத் தோலையும் மண்ணிறத் தோலையும் நீக்கி, அரைத்து, உப்புச் சேர்த்த தாங்கற் கரைசலில் குளிரில் ஓர் இரவு கிளறவிட்டு, துணியால் பிழிந்து, மையநீக்கம் செய்து, அமோனியம் சல்பேற்றால் வீழ்படிவாக்குவது வரைக்கும் உங்கள் சேர் சொல்லித்தருவார். அதற்குமேல் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பலாக்கொட்டையில் லெக்டின் ஒன்றல்ல, இரண்டு. ஜாகலின் கலக்டோசுக்காரன். ஆர்ட்டோகார்பின் மனோசுக்காரன். கலக்டோசு கோத்த மணிகள் நிரப்பிய குழாயில், அதாவது நிரலில், ஓடவிட்டால் ஜாகலின் ஒட்டும், ஆர்ட்டோகார்பின் கீழே போய்விடும். விலைகூடிய நிரல் வாங்க முடியாவிட்டால் கொத்தவரை விதைப் பிசினைக் குறுக்கிணைத்துப் பயன்படுத்தலாம், அதில் கலக்டோசு நிறைய. ஒட்டியதைக் கலக்டோசு ஊற்றியே கழற்றுகிறோம்.

பாருங்கள், இங்கேதான் முதல் கண்ணி. கழற்ற ஊற்றிய கலக்டோசு புரதத்தோடேயே வந்துவிட்டது. 200 மில்லிமோலரில் கழற்றியிருந்தால் பத்து மில்லிலீற்றரைச் சவ்வுப் பையில் கட்டி ஒரு லீற்றர் கரைசலுக்குள் வைத்து ஊடுபிரிக்க 2 மில்லிமோலராகும். அதோடு நிறுத்தினால் நீங்கள் பிறகு எந்த வெல்லத்தைப் போட்டாலும் பளிங்கில் கலக்டோசு முதல் ஆளாக உட்கார்ந்திருக்கும். இன்னும் இரண்டு தரம் கரைசலை மாற்றினால் 0.2 மைக்ரோமோலருக்கு இறங்கும். அதுதான் சுத்தம். "கலக்டோசுதானே வேண்டும், ஏன் கழுவ வேண்டும்?" என்று கேட்கலாம். ஒப்பிட வெல்லமில்லாத பளிங்கும் ஒன்று வேண்டும், அதனால்தான்.

ஜாகலின் தானும் கொஞ்சம் வெல்லம் ஒட்டிய புரதம் என்பதையும் மறக்காதீர்கள். அதில் பல சிறு வகைகள் கலந்திருக்கும், சிலவற்றில் வெல்லச் சங்கிலி உண்டு, சிலவற்றில் இல்லை. பளிங்குக்கு இப்படிக் கலப்படக் கூட்டம் பிடிக்காது. பளிங்கு கூர்மையாக வளர மறுத்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள், அயன் மாற்று நிரலில் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

இனித் துளி. நிலாவெளிப் பக்கம் உப்பு விளைவதைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தண்ணீர் மெல்ல மெல்லப் போனால் கல்லுப்பு, அவசரமாகப் போனால் தூள். நாம் செய்வதும் அதுதான், அளவுதான் வேறு. இருபத்துநான்கு குழித் தட்டில் ஒவ்வொரு குழியிலும் அரை மில்லிலீற்றர் பொலிஎதிலீன் கிளைக்கோல் கரைசல். விளிம்பில் சிலிக்கன் கிறீஸ் வட்டமாக. கண்ணாடி மூடித்துண்டில் ஒரு மைக்ரோலீற்றர் புரதம், அதன்மேல் குழியிலிருந்து எடுத்த ஒரு மைக்ரோலீற்றர். தலைகீழாகக் கவிழ்த்து, லேசாக அழுத்தி, கால்வாசி திருகினால் கிறீஸ் இடைவெளியில்லாமல் ஒட்டும். துளியில் இருக்கும் கிளைக்கோல் குழியில் இருப்பதில் பாதி, ஆகவே தண்ணீர் துளியிலிருந்து ஆவியாகிக் குழிக்குப் போகும். துளி பாதியாகச் சுருங்கும், புரதம் பழைய செறிவுக்குத் திரும்பும். அவ்வளவுதான் மந்திரம். கவிழ்க்கும்போது துளி தட்டையாகப் பரவினால் கண்ணாடியில் கொழுப்புப் பூச்சு சரியில்லை என்று அர்த்தம். அந்தத் துண்டை எறிந்துவிட்டு வேறொன்று எடுங்கள், ஒரு துண்டுக்காக ஒரு கிழமையை இழக்க வேண்டாம்.

வெப்பநிலைதான் நம் ஊரின் எதிரி. ஆடி மாதக் கச்சான் காற்றில் மதியம் ஓர் அறை, இரவில் வேறோர் அறை. கரண்ட் போனால் குளிரூட்டியும் போகும். பளிங்கு ஒரு நாள் வளரும், மறுநாள் கரையும். நான் கண்ட மலிவான வைத்தியம் மீன் கொண்டுவரும் தடித்த ரெஜிஃபோம் பெட்டி. கழுவிக் காயவைத்து, அடியில் நாலைந்து தண்ணீர்ப் போத்தலைப் படுக்கவைத்து, மேலே தட்டுக்களை வைத்து மூடி, ஆட்கள் நடமாடாத மூலையில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்கிற ஆசையை அடக்குங்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், அப்புறம் கிழமைக்கு ஒருமுறை.

தாங்கற் கரைசல் பற்றி ஓர் எச்சரிக்கை. கான்கனவாலின், கச்சான் (வேர்க்கடலை) லெக்டின் போன்ற அவரைக் குடும்பத்து லெக்டின்களுக்கு வெல்லத்தைப் பிடிக்கக் கல்சியமும் மங்கனீசும் வேண்டும். ஜாகலினுக்கு அது தேவையில்லை. பழக்கதோசத்தில் பொசுபேற்றுக் கரைசலில் கல்சியத்தைப் போட்டால் இரண்டு நாளில் மினுமினுக்கும் அழகான பளிங்கு வரும். ஊசியால் தொடுங்கள். "டிக்" என்று உடைந்தால் அது கல்சியம் பொசுபேற்று. புரதப் பளிங்கு பாற்கட்டி மாதிரிச் சத்தமில்லாமல் நொறுங்கும். மெதிலீன் நீலச் சாயத்தை ஒரு சொட்டு விட்டாலும் தெரியும், புரதம் நீலத்தைக் குடிக்கும், உப்புக் குடிக்காது.

இனி நான் பொங்கிய கதை. படிக்கிற காலத்தில் ஒரு லெக்டினோடு வெல்லத்தைச் சேர்த்து நல்ல தடித்த பளிங்குகள் எடுத்தேன். எக்ஸ்-கதிரில் வைக்குமுன் திரவ நைதரசனில் உறையவைக்க வேண்டும். பனிக்கட்டி உருவாகாமலிருக்க 25 வீதம் கிளிசரோல் சேர்த்த கரைசலில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பது வழக்கம். நைலோன் வளையத்தில் பளிங்கைத் தூக்கி, முக்கி, உறையவைத்தேன். தரவு பிரமாதம். வரைபடத்தைத் திறந்தால் வெல்லத்தின் இடத்தில் ஏதோ ஒரு மேடு. வெல்ல வளையத்தை அதில் வைத்துப் பொருத்தினேன், ஒரு பக்கம் சரியாக உட்கார்ந்தது, மறுபக்கம் அந்தரத்தில் தொங்கியது. இரண்டு கிழமை அதை இழுத்துப் பறித்தேன். பிறகு அடுத்த மேசையில் இருந்த அக்கா எட்டிப்பார்த்துக் கேட்டார்: "தம்பி, முக்கின கரைசலிலை வெல்லம் போட்டனீரோ?"

போடவில்லை. பிடி மெலிது என்று மேலே சொன்னேனே. வெல்லமில்லாத கரைசலில் ஒரு நிமிடம் போதும், உள்ளிருந்தது வெளியே போய்விட்டது. அந்தக் காலியிடத்தில் கிளிசரோல் போய் உட்கார்ந்திருந்தது. மூன்று காபன், மூன்று ஐதரொட்சில், வெல்லத்தின் பாதி உருவம். லெக்டினின் குழி ஏமாந்தது, நானும் ஏமாந்தேன். ஆகவே முக்கும் கரைசலிலும் அதே அளவு வெல்லம் இருக்கவேண்டும். கிளிசரோலுக்குப் பதிலாகச் சின்ன நிறைக் கிளைக்கோல் ஒன்றைப் பாருங்கள். தாங்கற் கரைசலில் டிரிஸ் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யக்கூடிய ஆள்தான்.

வெல்லம் உண்மையாக இருக்கிறதா என்று பார்க்க நான் கேட்கும் கேள்விகள் சில. மாதிரியில் வெல்லத்தை வைக்கும் முன்னரே வித்தியாச வரைபடத்தில் வளையம் தெரிகிறதா? வைத்த பிறகு தெரிந்தால் அது உங்கள் ஆசை. வளையம் நாற்காலி வடிவத்தில் நிற்கிறதா, அல்லது பொருந்தவேண்டும் என்பதற்காகக் கோணி நிற்கிறதா? கலக்டோசு கோணி நிற்கும் ஆள் இல்லை. அதன் அணுக்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று சொல்லும் பி-காரணி எண்கள் சுற்றியுள்ள அமினோ அமிலங்களோடு ஒத்துப்போகின்றனவா? மிகவும் கூட என்றால் இடம் முழுதாக நிறையவில்லை என்று சந்தேகியுங்கள். வெல்லமில்லாத பளிங்கின் வரைபடத்தையும் பக்கத்தில் திறந்துவைத்துப் பாருங்கள். கூட் என்ற மென்பொருளில் இவையெல்லாம் செய்யலாம், மடிக்கணினி போதும், பணமும் இல்லை.

எக்ஸ்-கதிருக்கு இலங்கையில் ஒத்தியங்கு முடுக்கி (வலுவான எக்ஸ்-கதிர் தரும் பெரிய இயந்திரம், சிங்குரோத்திரன்) கிடையாது. அருகில் என்றால் இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறது, அதில் புரதப் பளிங்குக்கென்றே ஒரு கதிர்வழி உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் வீட்டு அளவிலான எக்ஸ்-கதிர்க் கருவியும் உண்டு, ஜாகலின் மாதிரிப் புரதத்துக்கு அதுவே முதல் பார்வைக்குப் போதும். கூட்டு ஆய்வாக எழுதிக் கேளுங்கள். கேட்கும்போது "பளிங்காக்க விரும்புகிறோம்" என்று எழுதாமல், பளிங்கின் படத்தையும், சாயம் குடித்த படத்தையும், புரதம் தூயது என்று காட்ட ஜெல்லில் ஓட்டிய படத்தையும் இணைத்து அனுப்புங்கள். பதில் வரும் வேகமே வேறாக இருக்கும்.

குண்டுமணியிலும் ஆமணக்கிலும் இதே மாதிரி கலக்டோசைப் பிடிக்கும் புரதங்கள் உண்டு, அவற்றின் பளிங்கு அமைப்பும் பல வருடங்களுக்கு முன்னரே வந்துவிட்டது. வளவில் கிடைக்கிறதே என்று அதில் கைவைக்க வேண்டாம். அவை கொடிய நஞ்சு, இறுதியாண்டு மாணவர் ஆய்வுகூடத்தில் செய்கிற வேலை இல்லை.

பலா சீசன் முடிந்து கொட்டை கிடைக்காத மாதங்களில் கை சும்மா இருக்கவேண்டாம். கச்சானிலும் கலக்டோசைப் பிடிக்கும் லெக்டின் இருக்கிறது, விஜயன் குழுவே அதை இலக்டோசோடு சேர்த்துப் பளிங்காக்கிக் காட்டியது. பழகுவதற்கு நல்ல புரதம், வருடம் முழுக்கக் கிடைக்கும். கல்சியமும் மங்கனீசும் மறக்காதீர்கள். கடைக்கு ஆள் அனுப்பினால் பச்சைக் கச்சான் என்று தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள், எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒருமுறை வறுத்ததுதான் வந்து சேர்ந்தது. அன்றைக்குப் புரதம் எடுக்கவில்லை, தேத்தண்ணியோடு முடிந்துவிட்டது.